லூர்தம்மாள் சொன்ன குதிரை

லூர்தம்மாள் கொடைக்கானலிலிருந்து கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோது அவளுடைய சீர் சாமான்களோடு ஒரு பெரிய வால்வு ரேடியோவும் இறங்கியது. அவளுடைய அம்மா ஓர் அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் ஆயாவாக இருந்தவள். அந்தக் குடும்பத்தார் சொந்த ஊருக்குத் திரும்பியபோது கட்டிலையும் நாற்காலிகளையும் விற்றுவிட்டு, ரேடியோவை மட்டும் ஆயாவுக்கு விட்டுப் போனார்கள். ஆயா அதை மகளுக்குக் கொடுத்தாள்.

மகள் அதைக் கேட்டு வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். மிஷனரியின் மகள் ஜூடிக்கும் லூர்தம்மாளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அப்பாவும் அம்மாவும் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிய மறுநிமிஷம் ஜூடி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகளைச் சுழல விடுவாள். ராக் அண்ட் ரோல். அம்மாவுக்கு உதவியாகத் துடைக்கிற துணியோடு உள்ளே இருக்கும் லூர்தம்மாளுக்கு அந்த ஓர் அறையைத் துடைக்க மட்டும் மற்ற எல்லா அறைகளையும் துடைக்கிற நேரமாகும். ஒரு நாள் அவள் பாட்டோடு கை தட்டியதைப் பார்த்துவிட்டு ஜூடி சிரித்தாள். நாலு அடியில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் அது கோயில் பாட்டு, இரண்டிலும் நாலிலும் தட்ட வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள். தட்டும் இடம் மாறியதும் லூர்தம்மாளுக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. பாட்டு வெளியிலிருந்து வராமல் தன் எலும்புக்குள்ளிருந்து கிளம்புவதுபோல் இருந்தது.

திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடித்தனம். புருஷன் பாக்கியராஜ் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு போய்த் திரும்பும் வண்டி. கோபக்காரன் இல்லை, குடிப்பவனும் இல்லை. சனிக்கிழமை குதிரைப் பந்தயம் ஒன்றுதான் அவனுக்கு. பஸ் ஸ்டாண்டை ஒட்டி சோடாக்கடை வைத்திருந்த பொன்னுத்துரை, மதுரையில் இருந்த ஒரு பெரிய புக்கிக்கு ஆள். கிண்டியில் ஓடும் குதிரைகளுக்குத் திண்டுக்கல்லில் இருந்தபடியே அவனிடம் பணம் கட்டலாம். பாக்கியராஜ் வாராவாரம் கட்டினான், வாராவாரம் தோற்றான்.

ரேடியோவில் இலங்கையிலிருந்து வரும் ஆங்கிலப் பாட்டுகளை லூர்தம்மாள் வைத்தால் அவன் முகம் சுளிப்பான்.

“பேய் ஓட்டுற மாதிரி இருக்கு. அமத்து புள்ள.”

அவன் வேலைக்குப் போன பிறகுதான் அவளுக்குப் பாட்டு. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருத்தி இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம். அவள் புருஷனுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பண்டிகைக்குப் பண்டிகைதான் வருவார். குர்ஷித் வீட்டில் தையல் மிஷின் போட்டு அந்தத் தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். தன்னைவிட மூத்தவள் என்பதால் லூர்தம்மாள் அவளை ‘ஆபா’ என்று கூப்பிடுவாள். குர்ஷித்துக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கிடார் வேகம் பிடித்ததும் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் அடுப்படியில் ஆடியிருக்கிறார்கள், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு.

“யா அல்லா, எங்க வீட்டு மனுஷன் பாத்தா என்னைய ஆம்பூருக்கே கூட்டிட்டுப் போயிருவாரு,” என்பாள் குர்ஷித்.

1963 டிசம்பரில், கிண்டியில் பந்தயங்கள் சூடு பிடித்திருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்கியராஜ் வாசலில் உட்கார்ந்து பந்தயத் தாளில் குதிரைப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

“ஜூ... ஜூக்... ஜூக் பாக்ஸ். என்ன எழவு பேருய்யா இது?”

உள்ளே குழம்பு தாளித்துக்கொண்டிருந்த லூர்தம்மாள் சிரித்துவிட்டாள்.

“அது பாட்டுப் பாடுற பொட்டிங்க. காசு போட்டா நாம கேட்ட பாட்டப் பாடுமாம். அமெரிக்காவுல காப்பிக்கடைக்கு காப்பிக்கடை இருக்குமாம். ஜூடியம்மா சொல்லுவாக.”

“குதிரைக்கு இந்தப் பேரா?”

“ஏன், நல்ல பேரு. நானா இருந்தா அதுக்குத்தான் கட்டுவேன்.”

அவன் சும்மா அதற்கும் கொஞ்சம் கட்டி வைத்தான். யாரும் சீண்டாத குதிரை அது. முதலாவதாக வந்தது. கட்டியதற்குப் பல மடங்கு கிடைத்தது. அன்று பாக்கியராஜ் வீட்டுக்கு வந்தபோது கையில் ஆட்டுக்கறியும் ஒரு முழம் மல்லிகையும் இருந்தன. அடுத்த வாரம் ‘சில்வர் கிடார்’ என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. அவள் கேட்டதுமே தலையாட்டினாள். அதுவும் வந்தது.

மூன்றாவது வாரத் தாளில் பாட்டோடு தொடர்புடைய பெயர் எதுவும் இல்லை. பாக்கியராஜ் அடுப்படிக்கே வந்து அவள் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“எல்லாப் பேரையும் படிக்கிறேன். எது நல்லாருக்குன்னு சொல்லு.”

“எனக்குக் குதிரையைப் பத்தி என்னங்க தெரியும்?”

“குதிரையைப் பத்தி யாரு கேட்டா? ஒன் பாட்டுல எப்படிப் பாப்ப? எது நல்ல பாட்டு, எது சொத்தப் பாட்டுன்னு எப்படித் தெரியுது ஒனக்கு?”

கல்யாணமாகி அத்தனை நாளில் அவன் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. லூர்தம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தரையில் தட்டிக் காட்டினாள். ஒண்ணு ரெண்டு மூணு நாலு. ரெண்டிலும் நாலிலும் அடி விழணும். நல்ல பாட்டில் வார்த்தைகள் அந்த அடியில் போய்த் தானாக உட்காரும். உட்காராத வார்த்தையை எவ்வளவு பெரிய பாடகன் பாடினாலும் நொண்டும். அவள் சொல்லச் சொல்ல அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒவ்வொரு பெயராகப் படித்தான். அவள் தட்டிக்கொண்டே அதைப் பாடிப் பார்த்தாள். “இது நொண்டுது... இது பரவாயில்ல... ஆங், இது ஓடுது பாருங்க, ‘ரெட் சிக்னல்’, எப்படி ஓடுது!”

அவள் அதை விளையாட்டாகத்தான் செய்தாள். அந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் புருஷன் பக்கத்தில் வந்து உட்காருவான், பாட்டு வைக்கச் சொல்வான், அவள் ஜூடியைப் பற்றியும் கொடைக்கானல் மூடுபனியில் வீட்டுக் கண்ணாடி வியர்ப்பதைப் பற்றியும் பேசினால் கேட்டுக்கொண்டிருப்பான். குதிரை ஜெயிப்பதும் தோற்பதும் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

ஆனால் ‘ரெட் சிக்னல்’ ஜெயித்தது. அடுத்து வந்தவற்றிலும் பாதிக்கு மேல் ஜெயித்தன. தோற்றவை யார் நினைவிலும் நிற்கவில்லை.

பஸ்ஸில் பேச்சு பரவியது. டிரைவர் சடையாண்டி முதலில் கட்டினார். பிறகு நிலக்கோட்டையில் பூக்கூடைகளோடு ஏறும் வியாபாரிகள். “கண்டக்டர் சம்சாரம் இங்கிலீஷ் பாட்டுக் கேட்டுக் குதிரை சொல்லுதாம்ல” என்று சித்தையன்கோட்டை வரைக்கும் பேசினார்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம், பூ வியாபாரி உடையப்பனின் சம்சாரம் ஒச்சம்மாள் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். பந்து பந்தாக மல்லிகைச் சரம் கொண்டு வந்திருந்தாள். லூர்தம்மாள் தனக்கென்று நினைத்துக் கையை நீட்டினாள். ஒச்சம்மாள் அவளைத் தாண்டிப் போய்ச் சரத்தை ரேடியோவுக்குச் சுற்றினாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு இந்த வாரமும் நல்லதாச் சொல்லு தாயி.”

“அக்கா, இது ரேடியோக்கா. நான் சும்மா பேரு நல்லாருக்கான்னு பாத்துச் சொல்றேன். இத நம்பிக் காசு போடாதீக.”

“அப்படித்தான் சொல்லணும் தாயி. சக்தி உள்ளவுக யாரு தன் வாயால சொல்லுவாக?”

அவள் போன பிறகு லூர்தம்மாள் பூவை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொள்ளப் போனாள். உள்ளே வந்த பாக்கியராஜ் தடுத்தான்.

“கெடக்கட்டும் புள்ள, அவுக நம்பிக்கை.”

அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக மாறியது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் பாட்டுக் கேட்க வேண்டாம் என்றான். கண்டதையும் கேட்டால் காது மழுங்கிவிடுமாம். குர்ஷித்தோடு சேர்ந்து கேட்கவே கூடாது. இரண்டு பேர் கேட்டால் சக்தி பிரிந்துவிடும் என்று பொன்னுத்துரை சொன்னானாம். சனிக்கிழமைகளில் பாக்கியராஜ் வேலைக்கு மட்டம் போட ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை அவள் அலுப்பாக இருந்தால், அவளுக்குப் பிடித்த பாட்டு வருகிறவரை முள்ளைத் திருப்பித் திருப்பி நிலையம் தேடினான். அவள் ஜூடியைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “அது இருக்கட்டும், இந்தப் பேரத் தட்டிப் பாரு,” என்றான்.

எல்லாவற்றையும்விட மோசமாக வேறொன்று நடந்தது. ஒரு நாள் அவன் இல்லாத மத்தியானம், சத்தம் வெளியே கேட்காமல் ரேடியோவைக் குறைத்து வைத்துக் காதை ஒட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு உயிரான பாட்டு ஒன்று வந்தது. இரண்டாவது அடி விழுந்ததுமே மனசுக்குள் ஒரு குதிரை ஓட ஆரம்பித்தது. அதன் பின்னால் இன்னொன்று. பாடுகிறவனின் குரல் எங்கோ போய்விட்டது, பெயர்கள்தான் ஓடின. அவள் ரேடியோவை அணைத்துவிட்டு அந்தப் பெட்டியின் மேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பெட்டி சூடாக இருந்தது.

அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். இரண்டு வாரம் தொடர்ந்து தோற்கிற குதிரையாகச் சொல்லிவிட்டால் போதும், இவர்கள் நம்பிக்கை தானாக விட்டுப்போகும். ஒச்சம்மாள் பூ கொண்டு வர மாட்டாள். புருஷன் வேலைக்குப் போவான். பாட்டு மறுபடியும் பாட்டாகும்.

பிப்ரவரியில் ஒரு பெரிய பந்தயம் வந்தது. பாக்கியராஜ் பெயர்களைப் படித்தான். ‘ஜிப்ஸி லேன்டர்ன்’ என்றபோது தரையில் தட்டிக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்று, மறுபடி தானாக அடித்தது. அப்படி ஓடியது அந்தப் பெயர். அவள் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கடைசியில் இருந்த ‘கிராண்ட் டியூக்’ கட்டை மாதிரி விழுந்தது. நாலு தரம் தட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள்.

“கிராண்ட் டியூக்,” என்றாள்.

“நெசமா? எனக்கே அது கொஞ்சம் நொண்டுன மாதிரி இருந்துச்சே.”

“உங்களுக்கென்ன தெரியும்? அதான் ஜெயிக்கும்.”

பொய் சொல்லும்போது தன் குரல் அவ்வளவு உறுதியாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பாக்கியராஜ் தொங்கிய முகத்தோடு வந்தான். கிராண்ட் டியூக் கடைசிக்கு முந்தினதாக வந்திருந்தது. நிலக்கோட்டைக்காரர்கள் நிறையப் போட்டிருந்தார்கள். அவள் பயந்தபடி அவன் கத்தவில்லை. “எல்லா நாளும் ஒண்ணுபோல இருக்குமா?” என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னான். லூர்தம்மாளுக்கு நெஞ்சு லேசாயிற்று. இன்னும் ஒரே ஒரு வாரம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வெகு நாளைக்குப் பிறகு குர்ஷித் வீட்டுக்குப் போனாள். பாக்கியராஜின் கட்டளைக்குப் பிறகு அங்கே போவதே குறைந்திருந்தது. குர்ஷித் ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, தையல் மிஷின் நின்ற இடம் காலியாக இருந்தது. சிமெண்டுத் தரையில் இரும்புக் கால்களின் தடம் மட்டும் தெரிந்தது.

“மிஷின் எங்க ஆபா? ரிப்பேரா?”

குர்ஷித் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கடைவீதியில ஒரு சின்ன ரூம் காலியா இருக்குன்னாங்க. போர்டு மாட்டி, இன்னொரு மிஷின் போட்டு, ஒரு பொண்ண வேலைக்கு வெச்சு... எத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன், ஒனக்குத் தெரியாதா? அட்வான்ஸுக்குப் பணம் வேணும், எந்தக் குதிரைன்னு ஒன் வீட்டுக்காரர்ட்ட கேட்டேன். இந்த வாரம் பெரிய பந்தயம், லூர்து ரொம்ப உறுதியாச் சொல்லியிருக்குன்னாரு. மிஷினை அடகு வெச்சுக் குடுத்துட்டேன்.”

லூர்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே ஆபா.”

“கேட்டா நீ வேணாம்ப. எல்லார்கிட்டயும் அப்படித்தான சொல்ற? ஒச்சம்மாகிட்ட சொன்னத நான் இங்கருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.” குர்ஷித் மூக்கை உறிஞ்சினாள். “ஒன்னையக் குத்தம் சொல்லல. குதிரை தோத்தா நீ என்ன செய்வ? பக்ரீத்துக்கு அவரு வருவாரு. அதுக்குள்ள என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

லூர்தம்மாள் நேரே வீட்டுக்கு வந்தாள். பாக்கியராஜ் சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியில் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“நான் பொய் சொன்னேங்க.”

“என்ன பொய்?”

“கிராண்ட் டியூக் நொண்டுச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன். தோத்தா நீங்கல்லாம் விட்டுருவீகன்னு நினைச்சேன். ஆபா மிஷின அடகு வெப்பாகன்னு எனக்குத் தெரியாதுங்க.”

பிளேடு அவன் கன்னத்திலேயே நின்றது. அடிப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவன் மெதுவாகத் திரும்பினான். முகத்தில் பாதி சோப்பு நுரை.

“அப்ப நெசமா எதச் சொல்லியிருப்ப?”

“அத இப்பக் கேட்டு...”

“சொல்லு புள்ள. எது ஓடுச்சு?”

“ஜிப்ஸி லேன்டர்ன்.”

அவன் கண்ணாடியைக் கீழே வைத்தான். வைத்த வேகத்தில் அது சாய்ந்து விழுந்தது. சட்டைப் பையிலிருந்து பொன்னுத்துரை எழுதிக் கொடுத்த முடிவைத் தேடி எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.  ஜிப்ஸி லேன்டர்ன்தான் முதலாவதாக வந்திருந்தது.

“தெரியும்,” என்றான் பாக்கியராஜ். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு பளபளத்தது. “ஒன்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். பொய் சொல்லக்கூட ஒனக்கு எது நெசம்னு தெரிஞ்சிருக்கணும்ல?”

லூர்தம்மாள் தற்செயல் என்று சொல்ல நினைத்தாள். சொன்னாலும் அந்தச் சந்தோஷம் நிறைந்த முகத்துக்குள் அது போகாது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

சாயங்காலம் குர்ஷித்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.  மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. குர்ஷித் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். முடிந்ததும் கேட்டாள்.

“நீ நினைச்ச குதிரைதான் ஜெயிச்சுதா?”

“ஆமா ஆபா. ஆனா அது...”

“அப்ப ஒரே ஒரு தடவை எனக்காகச் சொல்லு.” குர்ஷித் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்தச் சனிக்கிழமைக்கு. நெசமாச் சொல்லு. காதுல கெடக்குற கம்மலக் கட்டுறேன். மிஷினை மீட்டுட்டாப் போதும், அப்புறம் சாகுறவரைக்கும் அந்தப் பேச்சு எடுக்கல.”

“மாட்டேன் ஆபா.”

“அவங்களுக்கெல்லாம் சொன்ன. எனக்குச் சொல்ல மாட்டியா?”

“அது வெறும் பாட்டு ஆபா. நாம ரெண்டு பேரும் ஆடுனோமே, அந்தப் பாட்டு. அதுல குதிரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்மலும் போயிருச்சுன்னா?”

குர்ஷித் கையை விட்டாள்.

“நீ பொய் சொன்னதுக்கு என் மிஷின் போச்சு. நெசத்தச் சொல்லச் சொன்னா பயமா இருக்கா ஒனக்கு?”

மறுநாள் பாக்கியராஜ் வண்டிக்குப் போன பிறகு லூர்தம்மாள் ரேடியோவைப் போர்வையில் சுற்றிக் கைவண்டியில் ஏற்றி, கடைவீதி ரேடியோக் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் பின்பக்கப் பலகையைக் கழற்றி வால்வுகளைப் பார்த்தார். இந்த மாதிரி இப்போது வருவதே இல்லை என்று ஆசையாகச் சொல்லிவிட்டு விலையைக் குறைத்தார். அவளுக்குப் பேரம் பேசும் தெம்பு இல்லை. கிடைத்ததில் மிஷினை மீட்க முடிந்தது, அது போதும். அதே கைவண்டியில் அடகுக் கடையிலிருந்து மிஷின் வந்தது. வண்டிக்காரரும் அவளுமாக அதைத் தூக்கி, தரையில் இருந்த தடத்திலேயே கால்கள் பொருந்தும்படி வைத்தார்கள்.

குர்ஷித் மிஷினின் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். ஊசியைச் சரிபார்த்தாள்.

“ரேடியோவ வித்தியா?”

“ஆமா.”

“நான் ஒன்கிட்டக் கேட்டது இதில்ல லூர்து,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒச்சம்மாளுக்குத் தகவல் போனது. எங்களிடம் சொல்லியிருந்தால் இரண்டு பங்கு விலை கொடுத்து எங்கள் வீட்டில் வைத்திருப்போமே என்று பஸ்ஸிலேயே அங்கலாய்த்தாளாம். பாக்கியராஜ் ரேடியோ இருந்த மேஜையைப் பார்த்துக்கொண்டு செத்த நேரம் நின்றான். கூரையிலிருந்து இறங்கிய ஏரியல் கம்பி சுவரில் தனியாகத் தொங்கியது.

“போகட்டும்,” என்றான். “பாட்டு அந்தப் பொட்டிக்குள்ளயா இருந்துச்சு? ஒன் கையில இருக்கு.”

அந்த வெள்ளிக்கிழமை அவன் தாளோடு வந்து உட்கார்ந்தான். பெயர்களைப் படித்தான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தான். கெஞ்சினான். பிறகு முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு அவள் வலது கையைப் பிடித்துத் தரையில் தட்ட வைத்தான். விரல் கணுக்கள் சிமெண்டில் மோதின.

“கை வலிக்குதுங்க,” என்றாள் அவள், கையை இழுத்துக்கொள்ளாமல்.

அவன் விட்டுவிட்டான். தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தானே தட்ட ஆரம்பித்தான், ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி. ஒன்றிலும் மூன்றிலும் தட்டினான்.

“சரியா வருதா புள்ள?”

லூர்தம்மாளுக்குத் தப்பு என்று சொல்லத் துடித்தது வாய். அவன் முதல் முதலாக அடுப்படிக்கு வந்து உட்கார்ந்த சாயங்காலம் போலத்தான் இருந்தது அவன் முகம். அவள் அரிசியைக் கொழித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமும் அதற்கடுத்த வாரங்களிலும் அவன் தானாகத் தட்டித் தேர்ந்தெடுத்த குதிரைகள் தோற்றன. பூ வியாபாரிகள் பஸ்ஸில் அவனைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உடையப்பன் ஒரு நாள் எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்தான், சடையாண்டிதான் விலக்கிவிட்டார். கிண்டியில் பந்தயக் காலம் முடிந்ததும் ஊட்டிக் குதிரைகள், அது முடிந்ததும் பெங்களூர்க் குதிரைகள் என்று பாக்கியராஜ் கட்டிக்கொண்டே இருந்தான். ஆவணி வாக்கில் பஸ் முதலாளி அவனை வேலை வேண்டாமென்று வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். பொன்னுத்துரை தன் சோடாக்கடையில் அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தான். கட்ட வருகிறவர்களுக்குப் பெயர்களைப் படித்துக்காட்டுவது வேலை. வீட்டுக்கு ஒழுங்காக வந்து சாப்பிட்டான், ஒழுங்காகப் போனான். லூர்தம்மாளிடம் அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. ஆனால் அவள் எந்தப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாலும், அந்தச் சத்தத்துக்கு அவன் திரும்பிப் பார்ப்பதை அவள் கவனித்தாள்.

வீடு நடக்க வேண்டுமே. கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை காலி என்று பங்குச் சாமியார் சொன்னார். வெளிநாட்டு டாக்டரம்மா பேசுவது புரியும் என்பதால் லூர்தம்மாளை உடனே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் வார்டில் கட்டில்களுக்கு இடையே தரை துடைத்துக்கொண்டிருந்தபோது நர்சுகள் தங்கும் அறையிலிருந்து ரேடியோ கேட்டது. இலங்கைதான். கிடாரும் டிரம்மும். அவள் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பாட்டின் முதல் வரி முடிவதற்குள் ‘ஜிப்ஸி லேன்டர்ன்’ என்று அவள் நாக்கு தானாகச் சொன்னது. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஆயாக்களுக்கு வெள்ளைச் சேலையும் வெள்ளை ரவிக்கையும் என்று விதி. ரவிக்கைத் துணியை வைத்துக்கொண்டு லூர்தம்மாள் இரண்டு நாள் யோசித்தாள். தெருக்கோடியில் ஒரு தையல்காரர் இருந்தார். கடைசியில் அவள் குர்ஷித்தின் கதவைத்தான் தட்டினாள்.

குர்ஷித் கதவைத் திறந்து துணியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். உள்ளே போய் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“அளவு ரவிக்கை கொண்டாந்தியா?”

“இல்ல ஆபா. பழசெல்லாம் இப்பத் தொளதொளன்னு இருக்கு.”

“எளைச்சுத்தான் போயிட்ட. கையத் தூக்கு.”

குர்ஷித் அளவெடுத்தாள். தோள், மார்பு, கை. டேப் கழுத்தைச் சுற்றி வந்தபோது இரண்டு பேர் முகமும் மிக அருகில் இருந்தன. லூர்தம்மாள் ஏதோ சொல்லப் போனாள். குர்ஷித்தின் வாயில் குண்டூசிகள் இருந்தன. தலையை மட்டும் அசைத்தாள், ஆடாமல் நில் என்பதுபோல.

“புதன்கிழமை வா,” என்றாள் ஊசிகளை எடுத்த பிறகு.

புதன்கிழமை ரவிக்கைகள் தயாராக இருந்தன. தையல் கச்சிதமாக இருந்தது. அதற்கு முன் குர்ஷித் லூர்தம்மாளிடம் கூலி வாங்கியதே இல்லை. அன்று, தெருவில் எல்லாரிடமும் வாங்குகிற கூலியைச் சொன்னாள். லூர்தம்மாள் கொடுத்தாள். குர்ஷித் அதை வாங்கிக்கொண்டு, மிஷின் பெட்டியைத் திறந்து உள்ளே போட்டுவிட்டு, லூர்தம்மாள் ரவிக்கையைப் போட்டுப் பார்க்கட்டும் என்று ஜன்னல் கதவைச் சாத்தினாள்.